தன்னையே மறைக்கும் காயம்

தலையில் பட்ட அடி ஆறிவிடுகிறது. ஆனால் ஆள் மாறிவிடுகிறார். அந்த மாற்றம் வீட்டுக்கும் ஊருக்கும் தெரிகிறது. அவருக்கு மட்டும் தெரிவதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் பல ஆண்டுகளாக எதிர்கொண்டுவரும் ஒரு விசித்திரமான பிரச்சினை இது.

தையல் பிரித்தாகிவிட்டது. கை கால் ஒழுங்காக அசைகிறது. பேச்சு வந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர், வீட்டு விலாசம், ரேஷன் கடை இருக்கும் தெரு எல்லாம் நினைவிருக்கிறது. ‘வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்’ என்கிறார் டாக்டர். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டுக் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. பல வீடுகளில் நிஜமான விபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு மூன்று மாதங்கள் போகின்றன. அதிர்ந்து பேசாதவர் என்று பெயரெடுத்தவர், சம்பந்தி வீட்டார் எதிரில் கூசாமல் ஆபாச ஜோக் அடிக்கிறார். பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தவர், தெரு முனையில் அறிமுகமான ஆளுக்குக் கைமாற்றாக ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார். சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டு பறக்கிறது. அடுத்த நிமிஷமே எதுவும் நடக்காதது போல டி.வி. பார்க்கிறார். சிலர் இதற்கு நேர்மாறாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குளி என்றால் குளிப்பார்கள், சாப்பிடு என்றால் சாப்பிடுவார்கள், சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

அவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: ‘எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்.’ மனைவியிடம் கேட்டால், ‘இவர் பழைய மனுஷனே இல்லீங்க.’ இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மூளைக் காயத்தின் புதிர்களிலேயே மிகக் கடினமானது இதுதான். அடிபட்ட உறுப்பும், அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய உறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. கால் முறிந்தால் மூளை சொல்லும். மூளைக்கு அடிபட்டால் யார் சொல்வது?

ஓசூர் சாலையில் ஒரு வாசல்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் நுழையும் சாலையில்தான் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பழைய மைசூர் மாநில மனநல மருத்துவமனையும், 1954-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனமும் 1974 டிசம்பர் 27-ம் தேதி ஒன்றாக இணைந்து உருவானது இது. 2012-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. கர்நாடகத்துக்காரர்களுக்கு மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பகுதித் தமிழர்களுக்கும் தலைக்காயம் என்றால் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று.

இந்த நிறுவனத்தின் அமைப்பிலேயே ஒரு விசேஷம் உண்டு. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுக்கும் அறுவை நிபுணரும், மனநோய்க்கு மருந்து தரும் டாக்டரும், ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கும் உளவியலாளரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். தலைக்காயத்துக்குப் பின் வரும் குணமாற்றத்துக்கு இந்த மூன்று பேருமே தேவை. பிற இடங்களில் அறுவை நிபுணர் ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிட, மனநல டாக்டரிடம் போவதற்குக் குடும்பம் கூச்சப்பட, இரண்டுக்கும் நடுவில் நோயாளி விழுந்துவிடுகிறார்.

அடி எப்படிப் படுகிறது? நிம்ஹான்ஸின் தொற்றுநோயியல் நிபுணர் டாக்டர் ஜி. குருராஜ் இந்தியத் தலைக்காயங்களைப் பற்றி 2002-ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 60 சதவீதம் சாலை விபத்துகளால் வருபவை. கீழே விழுவதால் 20 முதல் 25 சதவீதம். அடிதடி போன்ற வன்முறையால் 10 சதவீதம். பதிவான வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட, அவற்றில் பெரும்பாலானவை இரு சக்கர வாகனங்களாகவே இருக்கும் பெங்களூருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நாகரிகம்

மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ள, கெட்டித் தயிர் போல மென்மையான பொருள். மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. ஓடும் வண்டி சட்டென்று நிற்கும்போது மண்டை ஓடு நின்றுவிடுகிறது, மூளை நிற்பதில்லை. முன்னே போய் மோதுகிறது, பின்னே போய் மோதுகிறது, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. மண்டை ஓட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இல்லை. கண் குழிகளுக்கு மேலே, மூளையின் முன்பகுதி உட்கார்ந்திருக்கும் தளம் கரடுமுரடானது. எனவே அடி பிடரியில் பட்டாலும், சிராய்ப்பு பல சமயம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலிலும் பொட்டுக்குப் பின்னால் உள்ள பக்கமடலின் நுனியிலும் ஏற்படுகிறது. மூளையின் ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் அறுபடுவதும் உண்டு. சாதாரண ஸ்கேனில் இவை தெரியாமல் போகலாம்.

இந்த முன்மடல் செய்யும் வேலை விநோதமானது. பார்ப்பது, கேட்பது, கை காலை உணர்வது எல்லாம் மூளையின் வேறு பகுதிகளின் பொறுப்பு. மனதில் தோன்றியதைச் சொல்லாமல் நிறுத்துவது, காரியத்தைத் திட்டமிட்டுத் தொடங்குவது, எதிராளியின் முகம் சுருங்குவதைக் கவனித்துப் பேச்சை மாற்றுவது, தான் நடந்துகொள்ளும் விதத்தைத் தானே தள்ளி நின்று பார்ப்பது ஆகியவற்றில் முன்மடலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்குத் தமிழில் அழகான வார்த்தைகள் இருக்கின்றன. இங்கிதம் என்பது ஒன்று. குறிப்பறிதல் இன்னொன்று. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-வது அதிகாரம் அரசவை சம்பந்தப்பட்ட பகுதியில் வருகிறது. 110-வது அதிகாரம் காதல் பற்றிய பகுதியில். ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை முகத்திலிருந்து படிக்கும் திறமை, வேலை செய்யும் இடத்துக்கும் வேண்டும், அன்பு செய்யும் இடத்துக்கும் வேண்டும் என்று வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்மடலில் அடிபட்டவர் சறுக்குவதும் இந்த இரண்டு இடங்களில்தான்: ஆபீசில், வீட்டில்.

இரும்புக் கம்பியின் பாடம்

மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ரயில்பாதைத் தொழிலாளியிடமிருந்து. 1848 செப்டம்பர் 13-ம் தேதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காவண்டிஷ் என்ற ஊருக்கு அருகே பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார் 25 வயது ஃபினியஸ் கேஜ். மருந்து முன்கூட்டியே வெடித்தது. சுமார் 1.1 மீட்டர் நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குக் கீழே புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. கேஜ் சாகவில்லை. இடது கண் பார்வை போனது. பேச்சும் நடையும் திரும்பின.

ஆனால் பொறுப்பான மேஸ்திரி என்று பெயரெடுத்திருந்த மனிதர், வாய்க்கு வந்தபடி திட்டுபவராகவும் பிடிவாதக்காரராகவும் நிமிஷத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கைவிடுபவராகவும் ஆகிவிட்டதாக, சிகிச்சை அளித்த டாக்டர் ஜான் ஹார்லோ 1868-ல் விரிவாக எழுதினார். நண்பர்களுக்கு அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். ரயில்வே கம்பெனி வேலையைத் திருப்பித் தரவில்லை.

பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடும். கதையின் மறுபாதிதான் குடும்பங்களுக்கு முக்கியம். கேஜ் பின்னர் சிலி நாட்டுக்குப் போய் ஏழு ஆண்டுகள் வரை குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அந்த ஒழுங்கு அவரை ஓரளவு மீட்டெடுத்திருக்க வேண்டும் என்று, அவரைப் பற்றிய ஆவணங்களை அலசிய மால்கம் மக்மில்லன் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1860-ல் கேஜ் இறந்தார். அவரது மண்டை ஓடும் அந்தக் கம்பியும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

செயலிழந்த கையும் சென்னை டாக்டரும்

குணம் மாறுவது ஒன்று. மாறியது தெரியாமலே இருப்பது மற்றொன்று. பக்கவாதத்தில் இடது கை செயலிழந்த சிலர், கை நன்றாக இருப்பதாகச் சத்தியம் செய்வதைக் கவனித்த பிரெஞ்சு டாக்டர் ஜோசப் பாபின்ஸ்கி, 1914-ல் இந்த நிலைக்கு ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார். தமிழில் ‘நோயறியாமை’ என்று சொல்லலாம். மூளையின் வலது பாதியில் சேதம் ஏற்படும்போதுதான் இது அதிகம் காணப்படுகிறது.

இந்தப் புதிரை நுட்பமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் தமிழர்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் சான்டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன். தொண்ணூறுகளில் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒன்று ஒரு கையால் செய்யக்கூடியது, பரிசு சிறியது. மற்றது ஷூ கயிறு கட்டுவது போல இரண்டு கையும் தேவைப்படுவது, பரிசு பெரியது. ஒரு கை அசையாதவர்கள் தயக்கமின்றி இரண்டாவதை எடுத்தார்கள். தோற்றார்கள். மறுபடியும் அதையே எடுத்தார்கள். வெளியே மறைத்துக்கொண்டு உள்ளுக்குள் தெரிந்து வைத்திருப்பவர் இப்படிச் செய்ய மாட்டார்.

இன்னொரு சோதனை இதைவிட ஆச்சரியமானது. இத்தாலிய ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்த ஒரு முறைப்படி, இடது காதுக்குள் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால், சற்று நேரத்துக்கு நோயாளி ‘ஆமாம், கை அசையவில்லை’ என்று ஒப்புக்கொண்டார். அதன் விளைவு மறைந்ததும் பழையபடி ‘கை நன்றாக இருக்கிறது’ என்றார். மூளையின் இடது பாதி நடப்பதையெல்லாம் கோத்து ஒரே சீரான கதையாக்குகிறது, கதைக்கு ஒத்துவராததை வலது பாதி சுட்டிக்காட்டுகிறது. அந்தச் சுட்டிக்காட்டும் வேலை நின்றுபோனால் கதை மட்டும் தொடர்கிறது என்பது ராமச்சந்திரன் முன்வைத்த கருத்து. எல்லா விஞ்ஞானிகளும் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவானது: இது வீம்பு அல்ல, நடிப்பும் அல்ல.

தலைக்காயத்தில் வரும் நோயறியாமை இவ்வளவு நாடகத்தனமாக இருப்பதில்லை. கை அசையவில்லை, பார்வை மங்கல் என்றால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். ‘கோபம் அதிகமாகிவிட்டது’, ‘பேச்சில் வரம்பு போய்விட்டது’ என்றால்தான் மறுப்பார்கள். இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பிரிகட்டானோவும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட பட்டியல். பணத்தைக் கையாள முடிகிறதா, கோபத்தை அடக்க முடிகிறதா போன்றவற்றுக்கு நோயாளி தனக்கே மார்க் போடுவார். அதே கேள்விகளுக்கு உறவினர் தனியாக மார்க் போடுவார். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

தன்னறிவு ஒரே நாளில் முழுதாகத் திரும்பி வருவதும் இல்லை. அதற்கு மூன்று படிகள் உண்டு என்று 1989-ல் புரூஸ் கிராசனும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். ‘எனக்கு மறதி இருக்கிறது’ என்று சொல்லத் தெரிவது முதல் படி. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டோம் என்பது அந்த நேரத்திலேயே உறைப்பது இரண்டாம் படி. மறந்துவிடுவோம் என்று முன்கூட்டியே யூகித்து, பால் காயும்வரை அடுப்பருகே நாற்காலி போட்டு உட்காருவது மூன்றாம் படி. முதல் படியில் நிற்பவரைப் பார்த்து ‘தெரிந்தே செய்கிறார்’ என்று குடும்பம் நினைப்பதில்தான் பல சண்டைகள் பிறக்கின்றன.

அறைக்குள் பாஸ், வெளியே ஃபெயில்

நிம்ஹான்ஸில் நரம்பு உளவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் சி.ஆர். முகுந்தன். பின்னர் ஷோபினி ராவ், டி.கே. சுப்பகிருஷ்ணா, கே. கோபுகுமார் மூவரும் தயாரித்த சோதனைத் தொகுப்பு 2004-ல் வெளியானது. அமெரிக்கர்களுக்கான அளவுகளை வைத்து நம் ஊர் விவசாயியை அளக்கும் அபத்தத்துக்கு அது ஒரு பதில். வயது, ஆண்-பெண், படிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் தனித்தனி அளவுகள் அதில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து. இவ்வகைச் சோதனைகளில் பெயர்பெற்ற ஒன்று: ‘சிவப்பு’ என்ற வார்த்தை பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கும், வார்த்தையைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு நுனிக்கு வந்ததை நிறுத்தும் திறமையை அளக்கும் வழி இது.

ஆனால் எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அமைதியான அறை, எதிரில் ஒரே ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கல்யாண வீடு அப்படியல்ல. 1994-ல் வெளிவந்த தன் நூலில் நரம்பியல் நிபுணர் அன்டோனியோ டமாசியோ, எலியட் என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கட்டிக்கான அறுவைச் சிகிச்சையில் முன்மடலின் ஒரு பகுதியை இழந்தவர் அவர். புத்திக்கூர்மைச் சோதனைகளில் நன்றாகவே தேறினார். வாழ்க்கையிலோ வேலை போனது, சேமிப்பு போனது, மணவாழ்க்கையும் போனது. அதனால்தான் நோயாளியை மட்டும் விசாரிக்கும் டாக்டர் பாதி நோயைத்தான் பார்க்கிறார். மீதிப் பாதி, கதவுக்கு வெளியே பையுடன் உட்கார்ந்திருக்கும் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கிறது.

அடிபட்டது பெண்ணாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கணவன் கத்தினால் ‘அடிபட்டதிலிருந்து இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ளும் வீடு, மருமகள் எதிர்த்துப் பேசினால் ‘திமிர்’ என்கிறது. குழந்தை என்றால் வேறு விதம். பத்து வயதில் பட்ட அடி, சுயமாக முடிவெடுக்க வேண்டிய பதினாறு வயதில் வெளிப்படலாம். அதற்குள் பழைய விபத்தை எல்லோரும் மறந்துவிட்டிருப்பார்கள். ‘சேர்க்கை சரியில்லை’ என்று தீர்ப்பாகிவிடும்.

சதவீதத்தில் அடங்காத நஷ்டம்

சட்டமும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எளிதாக அளக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனிப் பெயராக இல்லை. கை கால் முடக்கம், பேச்சுக் குறைபாடு, நாள்பட்ட நரம்பியல் கோளாறு என்று ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் போக வேண்டும். இங்கிதம் போனவருக்கு எந்தத் தலைப்பு?

வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் சக்தியின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும். அரசு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தால் அப்படியல்ல என்பது நீதிமன்றம் காட்டிய உதாரணம். இதே தர்க்கத்தைத் தலைக்காயத்துக்கும் நீட்டலாம். பொறுமை போன கண்டக்டர், நிதானம் போன ஆசிரியை, வாடிக்கையாளரிடம் எரிந்து விழும் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஆகியோர் கை கால் முழுசாக இருந்தும் பிழைப்பை இழப்பவர்கள். 2007-ல் 12 வயதில் மூளையில் கடும் காயமடைந்த ஒரு சிறுமிக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் 62 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கியபோது, வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்து கவனிக்கும் ஆட்களுக்கான செலவையும் கணக்கில் சேர்த்தது. குணமாற்றம் உள்ளவர்கள் வழக்குப் போடும்போது நரம்பு உளவியல் சோதனை அறிக்கையும் குடும்பத்தாரின் சாட்சியமும் கையில் இருப்பது அவசியம்.

தானியம் பிரிக்கும் வைத்தியம்

சிகிச்சை என்ன? அறுந்த இழைகளை ஒட்டும் மாத்திரை கிடையாது. ஆனால் பயிற்சிக்குப் பலன் உண்டு. தலைக்காயத்தால் கவனம் சிதறுபவர்களுக்கான பயிற்சி பற்றி நிம்ஹான்ஸிலிருந்து ஷோபினி ராவும் உடன் பணியாற்றியவரும் 1999-லேயே ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே பயன்படுத்தப்படும் பயிற்சிகளில் ஒன்று, கலந்து வைத்த தானியங்களை வகைவகையாகப் பிரிப்பது. கம்ப்யூட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சமையலறை போதும். சிதறும் மனதை ஒரே இடத்தில் இருத்தும் பயிற்சி அது. மூளையின் மின் அலைகளைத் திரையில் காட்டி, அவற்றைத் தானே கட்டுப்படுத்தப் பழக்கும் முறையையும் ஜமுனா ராஜேஸ்வரன் உள்ளிட்ட நிம்ஹான்ஸ் உளவியலாளர்கள் தலைக்காய நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தன்னறிவை வளர்ப்பது இதைவிட நுட்பமான வேலை. ‘உனக்குப் புத்தி மாறிவிட்டது’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். ஒரு வேலையைக் கொடுத்து, ‘எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள்?’ என்று முன்பே கேட்டு எழுதிவைத்து, முடிந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது ஒரு வழி. எச்சரிக்கையும் தேவை. தான் இழந்தது என்ன என்று புரிய ஆரம்பிக்கும்போது பலர் சோர்ந்துபோகிறார்கள். அது குணமாவதன் அடையாளமாக இருக்கலாம். அதே நேரம் கூடவே இருந்து தாங்க வேண்டிய கட்டமும் அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. எழுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் ஒரே நேரத்தில். பெரிய கூட்டம், பெரும் சத்தம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். பணப் பொறுப்பு வேறொருவரிடம். மது கூடவே கூடாது. காயப்பட்ட மூளை அதைத் தாங்காது. வரம்பு மீறிய பேச்சுக்கு நீண்ட உபதேசத்தைவிட, முன்பே பேசிவைத்துக்கொண்ட ஒரு சின்ன சைகை பலன் தரும். கவனித்துக்கொள்பவருக்கும் வாரத்தில் சில மணி நேரம் ஓய்வு வேண்டும். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்காக ஏங்கும் மனைவியின் துக்கத்துக்கு ஊரில் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

தடுப்பதற்கான வழியோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாதவர்கள். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குத் தலையில் காயம்படும் அபாயத்தை ஹெல்மெட் 69 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கர்நாடக அரசு 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. பெங்களூரில் பலர் அதைப் போலீஸ்காரருக்காகத்தான் மாட்டுகிறார்கள், வார் கட்டுவதில்லை.

செத்தவர்களையும் காயமடைந்தவர்களையும் அரசாங்கம் எண்ணிவிடுகிறது. பிழைத்து வந்து, வேறு ஆளாகி, அது தெரியாமலே வாழ்பவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனிக் கட்டம் இல்லை. அவர்களைப் பற்றிய தகவல் இருப்பது ஒரே இடத்தில்தான்: கூட வாழ்பவர்களிடம். அடுத்த முறை தலைக்காயக்காரர் ஒருவர் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லும்போது, டாக்டரானாலும் நீதிபதியானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும், திரும்பி அவருடன் வந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.